ஆறு தாள்களில் நின்றுபோன பி.காம்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுநாளாக வேலை செய்கிறேன். 2002-இல் ஓர் அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். ஐந்தாம் செமஸ்டர் வரை எழுதிவிட்டேன். மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியல் மட்டும் அரியர். 2005 பிப்ரவரியில் திருமணம் ஆனது. அதனால் கடைசி செமஸ்டரின் ஐந்து தாள்களையும் எழுதவில்லை. என்னிடம் வேலை பழகிய பெண்ணுக்கு இந்த ஆண்டு உதவி மேலாளர் பதவி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, பட்டம் இல்லையே என்றார்கள். இப்போது ஒரு தரகர், வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரே ஆண்டில் பி.காம். வாங்கித் தருவதாகச் சொல்லி 65,000 ரூபாய் கேட்கிறார். மகள் பிளஸ் 2 படிக்கிறாள். அவள் கல்லூரிக்குப் போகிற நேரத்தில் உனக்கு எதற்குப் படிப்பு என்கிறார் கணவர். பட்டம் முடித்தால் குரூப் 2 எழுதலாம் என்கிறாள் தோழி. அதற்கு வயது தாண்டவில்லையா? நான் என்ன செய்யட்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. எனக்கு மிகவும் தேவையான ஒரு விவரம் மட்டும் இல்லை. ஆறாம் செமஸ்டர் தேர்வுக்கு நீங்கள் கட்டணம் கட்டினீர்களா? உங்கள் பெயருக்கு ஹால் டிக்கெட் வந்ததா?

கட்டணம் கட்டி, ஹால் டிக்கெட் வந்து, தேர்வுக்குப் போகாமல் இருந்திருந்தால் உங்கள் கணக்கில் அந்த ஐந்து தாள்களும் 'ஆப்சென்ட்' என்று பதிவாகியிருக்கும். அப்படியென்றால் நீங்கள் படிப்பை முடித்து, ஆறு அரியர் வைத்திருக்கும் மாணவி. பிப்ரவரியில் திருமணத்தோடு கல்லூரிக்குப் போவதை நிறுத்தி, வருகைப்பதிவு குறைந்து, ஹால் டிக்கெட்டே வராமல் போயிருந்தால் கதை வேறு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம்; மிகவும் குறைந்தால் அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவரைக் கல்லூரி 'இடைநின்றவர்' என்றுதான் எழுதி வைத்திருக்கும். அரியர்காரருக்குத் தேர்வுப் பிரிவின் கதவு எப்போதாவது திறக்கும். இடைநின்றவர் மறுசேர்க்கை வாங்க வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து அதைக் கொடுக்க எந்தக் கல்லூரிக்கும் விதியில் இடம் இருப்பது அரிது.

உங்களைப் போல வீட்டிலும் வெளியிலும் வேலை பார்க்கும் பெண்கள் கேட்பது பெரும்பாலும் "எங்கே சேரலாம்?" என்ற கேள்விதான். நான் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவைத்துவிட்டு, "பழைய பதிவெண் என்ன ஆயிற்று?" என்று கேட்பேன். மூன்று ஆண்டுப் படிப்பில் இரண்டரை ஆண்டுகளை முடித்தவர், அதைக் குப்பையில் போட்டுவிட்டு முதலாம் ஆண்டில் போய் உட்காருவதற்கு முன், குப்பைக்குத்தான் போக வேண்டுமா என்று ஒருமுறை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைபேசியில் கேட்டால் போதாது. அந்தப் பக்கம் எடுப்பவர், "அதெல்லாம் முடியாதும்மா, ரொம்ப வருஷம் ஆச்சு" என்று சொல்லி வைத்துவிடுவார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அது பதில் ஆகாது.

நீங்கள் படித்தது தன்னாட்சிக் கல்லூரி என்பதால் முதலில் போக வேண்டிய இடம் பல்கலைக்கழகம் அல்ல, அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுப்பதும் வினாத்தாள் தயாரிப்பதும் மதிப்பெண் பட்டியல் வழங்குவதும் கல்லூரியே. பட்டம் தருவது மட்டும்தான் பல்கலைக்கழகம். இது தெரியாமல் பல்கலைக்கழகத்துக்கு அலைந்து, அங்கே ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி, கடைசியில் "உங்கள் கல்லூரியில் கேளுங்கள்" என்ற ஒரு வரியோடு திரும்பியவர்கள் பலர். பழைய மதிப்பெண் பேரேடுகளை இந்த அலுவலகங்கள் எளிதில் கழித்துவிடுவதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் மட்டும் போகாதீர்கள். அப்போது அங்கே யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.

கையில் ஒரு மனு கொண்டு போங்கள். பதிவெண், சேர்ந்த ஆண்டு, பாடப்பிரிவு, தேர்ச்சி பெற்ற செமஸ்டர்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். கேட்க வேண்டியவை மூன்றே: என் பெயரில் ஆறாம் செமஸ்டர் தேர்வுப் பதிவு இருக்கிறதா, நிலுவைத் தாள்களை எழுத எனக்கு இன்னும் வாய்ப்பு உண்டா, பழைய பாடத்திட்டம் வழக்கொழிந்திருந்தால் அதற்கு இணையான இன்றைய தாள்கள் எவை. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராமல் நாள் கடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு உதவிபெறும் கல்லூரி என்பதால் அந்தச் சட்டத்தின்கீழ் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. அதைச் சண்டைக்கான ஆயுதமாக நினைக்க வேண்டாம். பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டிய எழுத்தருக்கு மேலிடத்தில் காட்ட ஒரு காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று எழுதவில்லை. தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிவு செய்யலாம். நகல் கேட்கும்போது கல்லூரி அதை எதிர்பார்க்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்கினீர்களா, அல்லது பள்ளிச் சான்றிதழ்கள் இன்னும் கல்லூரியிலேயே கிடக்கின்றனவா என்பதையும் அதே பயணத்தில் பார்த்துவிடுங்கள். புதிதாக எங்கே சேர்ந்தாலும் பிளஸ் 2 சான்றிதழ் வேண்டும்.

இனி, எழுத வாய்ப்பு இருக்குமா என்பது. எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பை முடிக்கப் படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகள், விதிவிலக்காக இன்னும் ஓராண்டு என்று 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது நாம் யுஜிசி என்று சொல்வது, ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தக் கணக்குப்படி உங்கள் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அவ்வப்போது அறிவிப்பதும் நம் ஊரில் வழக்கம்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2021-இல், 2001-02 கல்வியாண்டு வரை பின்னோக்கிப் போய், அரியரோடு நின்றவர்களுக்குத் தேர்வு எழுத வழி விட்டது. வழக்கமான தேர்வுக் கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய் வாங்கியது. இருபது ஆண்டு கழித்து வந்து எழுதியவர்களுக்கு அதனால் பட்டம் கிடைத்தது. உங்கள் கல்லூரி அப்படி ஏதேனும் அறிவித்ததா, அறிவிக்கும் எண்ணம் உண்டா என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட அறிவிப்புகள் கல்லூரி இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையிலும் நாளிதழின் உள்பக்கத்திலும் வெளிவந்து, பதினைந்து இருபது நாளில் கெடு முடிந்துவிடும். தேவைப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. இதைப் பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு. இந்தப் பதிலில் அதற்கு இடமில்லை.

வாய்ப்பு இருக்கிறது என்று எழுத்தில் பதில் வந்தால் யோசிக்காமல் அந்த வழியைப் பிடியுங்கள். ஆறு தாள்கள். பட்டச் சான்றிதழில் நேரடிக் கல்லூரிப் படிப்பு என்றே இருக்கும். ஆனால் 2005-இல் வாங்கிய நோட்டுப் புத்தகங்களை நம்பி இறங்காதீர்கள். அப்போது நீங்கள் படித்தது 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2013 சட்டம். அப்போது விற்பனை வரி. 2007-இல் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, 2025-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். இணைத் தாள் என்று எதைச் சொல்கிறார்கள், அதன் பாடத்திட்டம் எந்த ஆண்டுக்குரியது என்று பார்க்காமல் ஒரு பக்கம்கூடப் படிக்காதீர்கள்.

வாய்ப்பு இல்லை என்று பதில் வந்தால், அல்லது நீங்கள் இடைநின்றவர் என்று பேரேடு சொன்னால், அங்கேயே விட்டுவிடுங்கள். அமைச்சருக்கு மனு, அவரைத் தெரிந்தவர், இவரைத் தெரிந்தவர் என்று இன்னும் இரண்டு ஆண்டுகளைத் தொலைப்பதில் பொருளில்லை. மனு கொடுத்து மூன்று மாதம் பாருங்கள்; அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். தொலைநிலைக் கல்வியில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை நடக்கிறது. எது முன்னால் வருகிறதோ அதில் சேர்ந்துவிடுங்கள்.

எங்கே சேர்வது? தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் இதற்கென்றே தொடங்கப்பட்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் இக்னோ என்பது, 1985-இலிருந்து இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கும் தொலைநிலைப் பிரிவுகள் உண்டு. எதில் சேர்ந்தாலும், யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் ஆண்டுக்கான பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்து, படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இல்லாமல் போவதும் உண்டு.

ஏற்கனவே படித்த ஐந்து செமஸ்டர்களுக்காக இங்கே ஏதாவது சலுகை கிடைக்குமா என்று கேட்பீர்கள். தேர்ச்சி பெற்ற பாடங்களுக்கான புள்ளிகளை மாணவர் பெயரில் வரவு வைக்கும் கிரெடிட் வங்கி பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது 2021-22 கல்வியாண்டு முதல் படித்தவற்றைத்தான் சேமித்து வைக்கிறது. உங்கள் 2002 மதிப்பெண்கள் அதில் ஏறாது. சில பல்கலைக்கழகங்கள் பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சில தாள்களுக்கு விலக்கு தருவதோ நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ப்பதோ உண்டு. சேர்க்கைக்கு முன் கேளுங்கள். கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் முழு மூன்று ஆண்டு என்று கணக்கிட்டு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். முடிக்கும்போது வயது 44, 45 ஆகியிருக்கும். படிக்காவிட்டாலும் அந்த வயது வரத்தான் போகிறது.

தொலைநிலையில் வாங்கும் பட்டம் மதிப்புக் குறைவு என்று யாராவது சொல்வார்கள். அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டமும் இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று 2020-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் யுஜிசி அதைத் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டது. உங்கள் நிறுவன மனிதவள அதிகாரி முகம் சுளித்தால் அந்த அறிவிப்பின் நகலை எடுத்துக் காட்டுங்கள்.

அந்தத் தரகர் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியையும் கொடுத்தால்தான் சான்றிதழ் வரும் என்பார். மூன்று ஆண்டுப் பட்டத்தை இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகமும் ஒரே ஆண்டில் சட்டப்படி தர முடியாது. அப்படியென்றால் அவர் தரப்போவது ஒன்று போலிப் பல்கலைக்கழகத்தின் தாள், அல்லது உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயரில் முன்தேதியிட்டு அச்சடித்த தாள். முதலாவதற்கு யுஜிசி போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே வெளியிடுகிறது. இரண்டாவது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதை வேலைக்குக் காட்டுகிற அன்றே குற்றம் உங்களுடையதாகிறது. தரகர் அதற்குள் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக்கூடாது என்பதும், மையத்தைத் தனியாருக்குக் குத்தகைபோல் விடக்கூடாது என்பதும் விதி. திருப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் "படிப்பு மையம்" என்று பலகை தொங்கினால் அதைத் தாண்டி நடந்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்புக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். 65,000 ரூபாயில் மூன்று ஆண்டும் படித்து, புத்தகம் வாங்கி, தேர்வு மையத்துக்குப் போய்வந்து, மிச்சத்தில் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணமும் கட்டலாம்.

சேர்வதற்கு முன் ஒரு சின்ன வேலை. செய்யாமல் விட்டால் பின்னால் பெரிய தலைவலி. உங்கள் பிளஸ் 2 சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். ஆதாரில் திருமணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியலுக்கு மாற்றியிருப்பீர்கள். இப்போது தொலைநிலைப் படிப்பில் சேர யுஜிசி-யின் தனி அடையாள எண் வேண்டும்; அதற்குக் கிரெடிட் வங்கிக் கணக்கு வேண்டும்; அது ஆதார் பெயரோடு இணைகிறது. இந்த இடத்தில்தான் நம் பெண்களின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொண்டு நிற்கின்றன. பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும்தான் பட்டத்திலும் வர வேண்டும். ஆதாரை அதற்கேற்பத் திருத்துவது எளிதான வழி. கணவரின் இனிஷியலே வேண்டும் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதன் பிரதியை எல்லா இடத்திலும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அப்பாவின் இனிஷியலோடு இருப்பதில் எந்தக் குறையும் தெரியவில்லை. வீட்டில் அதைக் கௌரவப் பிரச்சினையாக்கினால் அப்போது நீங்கள் முடிவெடுங்கள்.

படிப்பைப் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கலாம். கணக்குப் பாடங்களில் உங்களுக்கு வேலை மிகவும் குறைவு. தினமும் பேரேட்டைப் பார்த்து, வங்கி இருப்பைச் சரிபார்த்து, உள்ளீட்டு வரியைக் கணக்கிடுகிறவருக்கு அந்தத் தாள்களில் கேள்விகளின் மொழிதான் புதிதாக இருக்கும். ஆனால் இதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. அனுபவசாலிகள் தேர்வில் அலுவலகத்தில் செய்வதுபோல் விடையை மட்டும் எழுதிவிடுவார்கள். டாலி என்ற கணக்கு மென்பொருள் செய்து கொடுத்த பல படிகளை நீங்கள் இப்போது கையால் எழுதிக் காட்ட வேண்டும்: பேரேட்டுப் பதிவு, குறிப்பு, செய்முறைக் கணக்கு எல்லாம். மதிப்பெண் அந்தப் படிகளுக்குத்தான். விடை சரியாக இருந்தும் பாதி மதிப்பெண் வாங்கிய கணக்காளர்களின் விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

புள்ளியியல் வேறு விஷயம். அன்று எது உங்களைத் தடுத்ததோ அது இன்றும் தடுக்கும், தனியாக உட்கார்ந்து படித்தால். அதற்கு மட்டும் ஒருவரிடம் பாடம் கேளுங்கள். ஒட்டுறவு (கோரிலேஷன்), தொடர்புப் போக்கு (ரெக்ரஷன்), குறியீட்டெண்கள் ஆகிய மூன்றையும் தெளிவாகக் கற்றுக்கொண்டாலே தேர்ச்சிக்குத் தேவையான மதிப்பெண்ணில் பெரும்பகுதி வந்துவிடும். உங்கள் மகள் பிளஸ் 2-வில் வணிகக் கணிதம் எடுத்திருந்தால் ஆசிரியரைத் தேடி வெளியே போக வேண்டாம். அவளுக்கும் அது திருப்புதல்.

யாரும் சொல்லாத ஒன்று கை. மூன்று மணி நேரம் பேனாவால் தொடர்ந்து எழுதி எவ்வளவு காலம் ஆகிறது? விசைப்பலகைக்குப் பழகிய விரல்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே மரத்துப்போகும். தெரிந்த கேள்வியை நேரம் இல்லாமல் விட்டுவிட்டு வெளியே வந்து அழுத பெரியவர்கள் உண்டு. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் விடை எழுதிப் பழகுங்கள். படித்துக்கொண்டே இருப்பதைவிட இது முக்கியம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை ஐந்து மணிக்கு எழுந்து படியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் ஏற்கனவே ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மாதத்தை உங்கள் தொழிலின் தேதிகளை வைத்துப் பிரியுங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ் என்ற பிடித்த வரி, 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 என்ற விற்பனை விவரம், 15-ஆம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாத வரிக் கணக்கு. முதல் இருபது நாளில் பாடம் ஓடாது. ஓடவில்லையே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். 21 முதல் மாதக் கடைசி வரை உள்ள நாட்களில்தான் உங்கள் படிப்பு. அந்தப் பத்து நாளில் ஒரு பாடப் பகுதி என்று வைத்துக்கொண்டால் போதும். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நெருக்கடியும் மார்ச் கணக்கு முடிப்பும் வரும் மாதங்களை விட்டுவிடுங்கள். தொலைநிலையில் பொதுவாக 30 சதவீத மதிப்பெண் வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு, மீதி 70 தேர்வுக்கு. அந்த ஒப்படைப்புகளைக் கெடு தேதிக்கு முந்தின இரவு இணையத்திலிருந்து பார்த்து எழுதித் தள்ளுகிறவர்கள்தான் பெரும்பாலோர். நீங்கள் அவற்றை ஒழுங்காக எழுதினால் அதுவே தேர்வுக்கான தயாரிப்பாகவும் இருக்கும், கைப்பழக்கமும் ஆகும். இக்னோவில் ஜூன், டிசம்பர் மாதங்களில் தேர்வு. ஒரே தவணையில் எல்லாத் தாளையும் எழுதியே தீர வேண்டும் என்றில்லை. மூன்று ஆண்டுப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பில் சின்னப் பிள்ளைகள் நடுவே உட்காருவது கூச்சம் என்று நினைத்தால், போய்ப் பாருங்கள். காவலர், நடத்துநர், சத்துணவு அமைப்பாளர், அங்கன்வாடிப் பணியாளர், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பெடுக்கும் பாட்டி என்று எல்லாரும் இருப்பார்கள். இருபது வயதுக்காரர்கள்தான் அங்கே கூச்சத்தோடு கடைசி வரிசையில் உட்கார்வார்கள்.

குரூப் 2 பற்றி: பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் மற்றும் பழங்குடி வகுப்பினருக்கும், எந்த வகுப்பாக இருந்தாலும் ஆதரவற்ற விதவைகளுக்கும் பெரும்பாலான குரூப் 2 பதவிகளுக்கு வயது உச்சவரம்பு இல்லை. பொதுப் பிரிவினருக்கு உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, மூன்று ஆண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்த உங்களுக்குத் தகுதியில் சிக்கல் வராது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: பிளஸ் 2 முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்பது 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு முடிந்துபோன விஷயம், அப்படிப்பட்டவர்கள் முதலில் பிளஸ் 2 எழுதட்டும். ஆனால் குரூப் 2-வை நம்பி நீங்கள் இந்தப் படிப்பைத் தொடங்க வேண்டாம். அது லட்சக்கணக்கானோர் எழுதும் போட்டி. வேலை, வீடு, பட்டப்படிப்பு மூன்றோடு நான்காவதாக அதையும் தூக்கிக்கொண்டால் முதலில் கீழே விழப்போவது பட்டப்படிப்புதான்.

சரி, பதவி உயர்வு. இதில் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. பட்டம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அது உண்மையான காரணமா என்று தெரிந்துகொண்டு படியுங்கள். தணிக்கையாளர் முன் ஆங்கிலத்தில் பேச ஆள் வேண்டும் என்று நினைத்தார்களா, எக்செல் அறிக்கைகளை அந்தப் பெண் வேகமாகச் செய்கிறாரா, முதலாளிக்கு வேண்டியவரா? இது தெரியாமல் மூன்று ஆண்டு படித்துப் பட்டத்தோடு போய் நிற்கும்போது அவர்கள் வேறு ஒரு காரணம் சொன்னால் உங்களுக்குத் தாங்காது. மேலாளரிடம் சண்டையாக இல்லாமல், "நான் பி.காம். முடிக்கப் போகிறேன், முடித்தால் இந்தப் பதவிக்கு என்னைப் பரிசீலிப்பீர்களா, வேறு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். வாயால் கேட்டதை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவையுங்கள். சேர்ந்ததும் சேர்க்கை ரசீதின் நகலைக் கொடுத்து உங்கள் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். தேர்வு நாட்களுக்கு விடுப்பு கேட்கும்போது அது உதவும்.

அவர்கள் மழுப்பினால், பட்டம் முடிந்தபிறகு வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். திருப்பூரில் ஜிஎஸ்டியும் ஏற்றுமதி ஆவணங்களும் தெரிந்த அனுபவக் கணக்காளருக்குப் பஞ்சம். உங்களுக்கு அதற்கு மேலும் ஆசை இருந்தால், செலவுக் கணக்கியலுக்கான சிஎம்ஏ இடைநிலைத் தேர்வுக்குப் பட்டதாரிகள் நேரடியாகப் பதியலாம். சிஏ இடைநிலைக்கு வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். இதை இப்போது சொல்வதற்குக் காரணம், வெறும் தேர்ச்சி போதும் என்று எழுதாமல் மதிப்பெண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான்.

கணவரிடம் கல்வியின் மகத்துவம் பற்றிப் பேசாதீர்கள், பலன் இருக்காது. அவருக்கு இருக்கும் கவலை பணமும் ஞாயிற்றுக்கிழமையுமாகத்தான் இருக்கும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, மாதத்தில் எத்தனை ஞாயிறு வகுப்பு, தேர்வு நாட்களில் வீட்டை யார் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் கை வைக்க மாட்டேன், என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன் என்பதையும் அதில் எழுதுங்கள். அதன் பிறகும் எதற்கு என்று கேட்டால், அவர் கேட்பது செலவைப் பற்றி அல்ல என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது அனுமதி கேட்பதை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். 41 வயதில் சம்பாதிக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக் கல்லூரிக்குப் போய்வாருங்கள். 21-ஆம் தேதிக்குப் பிறகு எடுத்தால் அலுவலகத்தில் முணுமுணுப்பு இருக்காது. பதிவெண் மறந்திருந்தால் கவலை வேண்டாம். ஏதாவது ஒரு பழைய மதிப்பெண் பட்டியலிலோ, தோழிகளின் பட்டியலிலோ பாருங்கள், அடுத்தடுத்த எண்களாகத்தான் இருக்கும். தேர்வுப் பிரிவு என்ன எழுதிக் கொடுத்தது என்பதை எனக்கு எழுதுங்கள். எந்த வழியில் போவது என்பதை அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு முடிவுசெய்வோம்.